விசுவாசத்துக்குப் பத்து மார்க்

பயிற்சித் துறையில் குப்பை கொட்டிய என் சக பாவிகளுக்குத் தெரியும்: பாடம் நடத்துவதுதான் நம் வேலை, அதை யார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது நம் கையில் இல்லை. 2011இல் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். திங்கட்கிழமை தோறும் காலை ஷிஃப்டுக்கு முன் ஐந்து நிமிடம் இதிகாசக் கதை சொல்லி விசுவாசத்தை வளர்க்க வேண்டும் என்பது மேலிட உத்தரவு.

நட்புக்கு ஒரு கார்டு

முதல் வாரம் கர்ணன். ஆபத்தில் நண்பனைக் கைவிடாதவன் என்று உருகி உருகிச் சொன்னேன். மறுநாளே மாரிச்செல்வம் மாட்டினான். தூத்துக்குடிக்காரன், மண்ணூரில் நான்கு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்த டிரெய்னி. பஸ்ஸைத் தவறவிட்ட ரூம்மேட்டின் அட்டெண்டன்ஸ் கார்டையும் சேர்த்துப் பஞ்ச் செய்துவிட்டான். கூப்பிட்டுத் திட்டினேன். அவன் என்னைத்தான் விநோதமாகப் பார்த்தான்.

"கர்ணன் மாதிரி இருக்கணும்னு நேத்து நீங்கதான சார் சொன்னிய?"

இரண்டு தம்பிகள்

அடுத்த வாரம் உஷாராகி ராவணனின் தம்பிகளுக்குத் தாவினேன். தப்பு என்று எடுத்துச் சொல்லியும் அண்ணன் கேட்கவில்லை. கும்பகர்ணன் அவனுக்காகவே சண்டை போட்டுச் செத்தான். விபீஷணன் வெளியேறி ராமனிடம் போனான். யார் செய்தது சரி என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் நிறுத்தினேன். உண்மையில் எனக்குத் தெரியாது. உள்ளூர்க்காரரான சூப்பர்வைசர் தேவராஜுக்குத் தெரிந்திருந்தது.

"இதுல யோசிக்க இன்னா கீது சார்? சோறு போட்ட எடத்துல வாயத் தொறக்கக் கூடாது."

சிவப்பு அட்டை

போல்ட் முடுக்கும் ஏர் கன்னில் காற்றழுத்தம் குறைந்திருப்பதை ஒருநாள் மாரிச்செல்வம் கண்டுபிடித்தான். அதற்குள் காலையிலிருந்து முடித்த பெட்டிகளெல்லாம் லாரிக்குத் தயார். "கண்டுக்காத" என்றார் தேவராஜ். அவனை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவாக இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அப்படியும், 'அனுப்பக்கூடாது' என்பதற்கான சிவப்பு அட்டையை அத்தனை பெட்டியிலும் கட்டிவிட்டான். லாரி காலியாகப் போயிற்று. பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தால், போல்ட்டுகள் கையாலேயே கழன்றன.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்து நின்றான்.

"விபீஷணனுக்காவது லங்கை கெடச்சிது. எனக்கு பெர்மனென்ட் கெடைக்குமா சார்?"

காலிக் கட்டம்

மதிப்பீட்டுப் படிவத்தில் 'விசுவாசம்' என்று ஒரு கட்டம். பத்துக்கு எத்தனை என்று நான்தான் போட வேண்டும். எட்டுக்குக் குறைந்தால் வேலை கிடையாது. பத்து போடத்தான் பேனாவை எடுத்தேன். மேனேஜர் கூப்பிட்டு, "பார்த்துப் போடுங்க" என்றார். எனக்கும் பெண்டாட்டி, பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆறு போட்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சில மாதம் கழித்துப் போன் செய்தான். மறைமலை நகரில் வேறு வேலையாம். குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னை வதைத்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், அங்கேயும் கதை சொல்கிறார்களா என்று கேட்டுவைத்தேன்.

"கதையெல்லாம் இல்ல சார். சேந்த அன்னைக்கே ஒரு கட்டு சிவப்பு அட்டையக் கையில குடுத்துட்டாவ."

இரண்டு இதிகாசங்களையும் ஐந்தைந்து நிமிடத்தில் சொல்லி முடித்த எனக்கு, ஒரு சின்னக் கட்டத்துக்குள் பத்து என்று எழுதத்தான் தைரியம் வரவில்லை.