கல்லாறு வளைவில் நட்ட போர்டு

ரோட்டோரம் எச்சரிக்கை போர்டு நடுவது என் வேலை. இந்த ஜில்லாவில் யாருமே படிக்காத எழுத்துக்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான்தான். நல்லது சொல்லி நொந்துபோனவர்கள் யாராவது இருந்தால் இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

மனு

பொன்முடி போகிற ரோட்டில், கல்லாறு பக்கம் ஒரு பொல்லாத வளைவு. அங்கே டீக்கடை வைத்திருக்கும் சந்திரண்ணன், போர்டு வேண்டும் என்று ஒரு வருஷம் எங்கள் ஆபீஸ் படியேறினார். அவருடைய ஒரே மகன் விஷ்ணு தினமும் அந்த வளைவு வழியாகத்தான் பைக்கில் டவுனுக்கு வேலைக்குப் போய்வருவான். போர்டு நட்ட அன்று எனக்கு டீயும் பழம்பொரியும் கொடுத்துவிட்டு அண்ணன் சொன்னார்: "இனி நான் கண்ணடச்சு ஒறங்குவேன், சாரே."

கண்ணாடி

எதிரே வருகிற வண்டி தெரிய ஒரு பெரிய வட்டக் கண்ணாடியும் வைத்தோம். மறுவாரம் போனால், சுற்றுலா வந்த நாலு பையன்கள் அதைத் தங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, நட்டநடு ரோட்டில் நின்று படம் பிடிக்கிறார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பஸ் வந்தா சட்னிதான்டா, தள்ளிப் போங்கடா!" என்று கத்தினேன். ஒருத்தன் சாவகாசமாகத் திரும்பிச் சொன்னான்: "சேட்டா, கொஞ்சம் மாறி நில்லுங்க, ரீல்ல உங்க தலை வருது."

ஹெல்மெட்

அன்றைக்கே விஷ்ணுவும் வந்தான். ஹெல்மெட் பைக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. "ஏன்டா, தலை அங்கேயா இருக்கு?" என்றேன். சிரித்தான். நல்ல பையன், திட்டினால்கூடச் சிரிப்பான். "டவுன் வரும்போ வச்சுக்கிடுவேன் அண்ணா, கேமரா அங்கல்லே இருக்கு!"

முகம்

விஷ்ணு போய்விட்டான். அதே வளைவில், மழை விட்ட ஒரு சாயங்காலம், பஸ்ஸை முந்தப் போய். நாலாம் நாள் நான் போனபோது போர்டையே காணோம். அவனுடைய கூட்டுக்காரப் பையன்கள் அஞ்சலி ஃப்ளெக்ஸை அதன்மேல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு சிரிக்கிறான், பாவி.

கயிற்றை அறுக்கக் கத்தியை எடுத்தேன். கடைக்குள்ளிருந்து சந்திரண்ணன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, நீங்க கேட்டு வாங்கின போர்டு இது" என்றேன். அவர் கையை விடவேயில்லை. "அறுக்காதீங்க சாரே. போர்ட பாத்து ஆரு மெல்லப் போனா? இவன் மொகத்தப் பாத்தாவது ஒருத்தன் மெல்லப் போகட்டும்."

அறுக்க மனசு வராமல் பத்தடி முன்னால் புதிதாக இன்னொரு போர்டு நட்டுவிட்டு வந்தேன். இப்போது அதன்மேலும் வேறொரு பையன் சிரித்துக்கொண்டிருக்கிறான்.