எட்டு மார்க் வாங்கியவள்

விளாங்குடியில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் அதற்கு முன்பு கல்யாண மண்டபமாக இருந்தது. ஒன்பதாம் வகுப்பு நடந்தது மணமகள் அறையில். மண்டப வியாபாரம் படுத்துவிட்டதால் அதன் முதலாளிக்குக் கல்விச் சேவை செய்யும் ஆசை வந்து, தாளாளர் ஆகிவிட்டார். பெரிய மனசு! அவருக்குத் தெரிந்த ஒரே கல்வி, ரோட்டோரம் ஃப்ளெக்ஸ் வைப்பது.

அந்த வருடம்தான் ஒன்பதாம் வகுப்பைத் தொடங்கியிருந்தார்கள். மொத்தமே ஏழு பிள்ளைகள். அடுத்த வருடம் பொதுத்தேர்வு எழுதப்போகும் முதல் பேட்ச் என்பதால், அரையாண்டிலேயே ஒவ்வொரு பாடத்திலும் வகுப்புச் சராசரி எழுபதைத் தாண்ட வேண்டும் என்று உத்தரவு. சராசரி என்றால் என்னவென்று திருப்பிக் கேட்டிருந்தால் மனிதருக்கு முழி பிதுங்கியிருக்கும்.

நான் கணக்கு டீச்சர். அந்த வகுப்பின் பொறுப்பும் என்னுடையது. கணக்கில் சராசரி அறுபத்திரண்டுதான் வந்தது. திருவாதவூர்ப் பெண் ஒருத்தி, இங்கே சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். மஞ்சள் காமாலையில் ஒன்றரை மாதம் படுத்துக் கிடந்தவள், வேண்டாம் என்று சொல்லியும் வந்து பரீட்சை எழுதினாள். எட்டு மார்க்.

புள்ளியியல் பாடம் வந்தபோது எனக்கு மேதாவித்தனம் தலைக்கேறியது. புத்தகத்து உதாரணம் போதாதென்று பிள்ளைகளின் மார்க்கையே போர்டில் எழுதினேன்: 8, 65, 68, 70, 71, 74, 78. பெயர் போடவில்லை. ஏழு பேர் வகுப்பில் பெயர் போடாவிட்டால் யாருக்கும் தெரியாதாக்கும்! கூட்டி ஏழால் வகுத்தால் அறுபத்திரண்டு.

"இப்ப நடுவுல நிக்கிறதப் பாருங்க. எழுபது. அதுதான் இடைநிலை. ஒரு பிள்ளைக்கு உடம்புக்கு முடியலைன்னா சராசரி விழுந்துரும், இடைநிலை விழாது. இந்த வகுப்பு எப்படிப் படிக்குதுன்னு எழுபதப் பாத்துத்தான் சொல்லணும்" என்றேன். அந்தப் பெண்ணைக் காப்பாற்றுகிறேனாம். இன்னும் விளங்கட்டும் என்று எட்டை அழித்துவிட்டு ஆறு பேருக்குக் கணக்குப் போட்டும் காட்டினேன். சராசரி எழுபத்தொன்று. இடைநிலை எழுபதரை.

வாசலில் தாளாளர் நின்றிருந்தார். இடைநிலையாவது கத்தரிக்காயாவது, அதெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை.

"எட்ட எடுத்துட்டா எழுபத்தொண்ணா? இம்புட்டுத்தானா டீச்சர்! இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?"

மறுநாளே அந்தப் பெண்ணின் அப்பாவை வரவழைத்து டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். நான் அவர் அறைக்கு ஓடினேன்.

"அது பாடத்துக்காகப் போட்ட கணக்கு சார். முழுப்பரீட்சைக்குள்ள அவ தேறிருவா."

"போர்டுல அழிச்சது நீங்கதான டீச்சர்?" என்று சிரித்தார். மூஞ்சியில் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா? டி.சி.யை என் பக்கம் தள்ளினார். "வகுப்பாசிரியர் கையெழுத்து வேணும். போட முடியாதுன்னா நாளையில இருந்து நீங்களும் வர வேணாம்."

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். நான் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தூ, நானும் ஒரு டீச்சர்.

அப்பாவும் மகளும் வராந்தாவில் நின்றிருந்தார்கள். "நடு வருசத்துல இனி எந்த ஸ்கூல்ல சேப்பாக, டீச்சர்?" என்றார் அவர். நான் பேனாவைத் தேடுவதுபோல் பையைத் துழாவினேன்.

"மிஸ், நான் போயிட்டா அவங்க ஆறு பேருக்கும் மார்க் கூடிருமா?" என்று கேட்டாள் அவள்.

"கூடாது. அவங்கவங்க மார்க் அப்படியேதான் இருக்கும்."

"அப்பறம் எதுக்கு மிஸ் என்னையப் போகச் சொல்றீங்க?"

பதினோரு வருடமாகச் சராசரி நடத்துகிறேன். ஒரு பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை. தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டு அவள் அப்பாவிடம் நீட்டினேன்.