ஆட்டுக்குச் சேராத இன்ஷூரன்ஸ்

பினாங்கில் வாடகைக்குக் கார் எடுக்கப் போனால், சாவியைக் கொடுப்பதற்கு முன் சீனக் குமாஸ்தா காரை ஒருமுறை சுற்றி வருவான். கையில் ஒரு சாக்குக் கட்டி வைத்திருப்பான். வண்டியில் ஏற்கெனவே இருக்கிற ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு வட்டம் போட்டுவிட்டு, நம்மைத் தலையாட்டச் சொல்வான். முதல் தடவை அதை நான் ஏதோ அவர்கள் ஊர்ச் சடங்கு என்று நினைத்துப் பக்தியோடு தலையாட்டினேன். இனிமேல் விழும் கீறலெல்லாம் என் தலையில் என்பதற்கு அது சம்மதம் என்று பிறகுதான் புரிந்தது. இன்ஷூரன்ஸுக்கென்று தனியாகவும் பணம் வாங்கிக்கொண்டான். அடிபட்டால் கம்பெனி பார்த்துக்கொள்ளுமா என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கேட்டேன். "போலே, போலே" என்றான். ஆகும், ஆகும் என்று அர்த்தம். தைப்பிங் போகிற வழியில் ஒரு மாட்டுவண்டி உரசி மட்கார்டு நசுங்கியது. கம்பெனிக்காரர் வந்து பார்த்தார். பார்த்ததோடு சரி. முதல் ஐம்பது வெள்ளி (அந்த ஊர் டாலர்) வரை வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பு, அதற்கு மேல் போனால்தான் கம்பெனி பொறுப்பு என்று தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்களாம். என் நசுங்கல் நாற்பது வெள்ளியோடு நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் பலமாக மோதியிருக்கக் கூடாதா என்று மாட்டின் மேல் கோபப்பட்ட மனிதன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த வயிற்றெரிச்சலோடுதான் ஊருக்குக் கப்பல் ஏறினேன். போர் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியிருந்த சமயம். ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கிலேயே பிறந்த என் மகளுக்கு எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் காது குத்த வேண்டும். நானும் என் மனைவி கமலமும் அந்த வருஷங்களில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே பேசிக்கொண்ட ஒரே நல்ல பேச்சு அதுதான். எங்கே பிறந்திருந்தாலும் அவள் அந்த ஊர்ப் பிள்ளை என்று நான்கு பேர் பார்க்க ஆகவேண்டும். தோடுகூட வாங்கியாகிவிட்டது. நம் ஊரில் பொடி எழுத்தெல்லாம் கிடையாது, மனிதனை மனிதன் முகம் பார்த்து நடத்துவான் என்று கப்பல் முழுக்கக் கமலத்திடம் பெருமை அடித்துக்கொண்டு வந்தேன்.

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கினால், தருமபுரிக்குப் போகும் சின்ன ரயிலைக் காணோம். போருக்காகத் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்களாம். பஸ்ஸில் பெட்டிகளோடும் குழந்தையோடும் ஏற வழியில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு வாடகைக் கார் நின்றது. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு என்பதால் பின்னால் கரியடுப்பு மாட்டி, அதன் புகையில் ஓடும் கார். கார் முதலாளி வெள்ளை வேட்டியில், வாய் நிறைய வெற்றிலையோடு வந்தார். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு ஒரு வாடகை பேசி முடித்தோம். முடித்த பிறகுதான் பேச்சே ஆரம்பித்தது. கரிக்குத் தனி. டிரைவர் படி தனி. வண்டி காலியாகத் திரும்பி வருமே, அதற்குத் தனி. கடைசியில் இன்ஷூரன்ஸ் தனி.

"இன்ஷூரன்ஸ் யாருக்குங்க?" என்றேன். பட்டவன் அல்லவா, கேட்டேன்.

"வண்டிக்குங்க. சர்க்காரு இப்பச் சட்டமாப் போட்டுட்டாங்க. எல்லாரும் கட்டியாகணும்."

"வண்டி உங்களது. கட்டுவது நானா?"

"வண்டியில ஒக்காந்துட்டுப் போறது நீங்கதானுங்களே," என்றார் சாந்தமாக.

கமலம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் பார்த்து நடத்துவார்கள் என்றேன் அல்லவா, என் முகத்தைப் பார்த்தே போட்டுவிட்டார்கள். பினாங்குச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்தது என் முட்டாள்தனம். கட்டினேன்.

டிரைவர் மாதையன் நல்ல மனிதர். அடுப்பைக் கிளறிவிட்டுக்கொண்டே தருமபுரியைத் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தார். காரிமங்கலத்துக்குச் சற்று முன்னால், சந்தைக்குப் போகும் ஆட்டுக் கூட்டத்திலிருந்து ஒரு கிடா குறுக்கே பாய்ந்தது. மாதையன் என்ன ஒடித்தும் தப்பவில்லை. ஆடு அங்கேயே போய்விட்டது. முன் மட்கார்டும் நசுங்கியது. ஆட்டுக்காரப் பெண்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மாதையனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே என் கதவண்டை வந்து நின்றாள்.

"ஆட்டுக்கு வழி சொல்லுங்க சாமி."

"அம்மா, வண்டி ஓட்டினது அவர்," என்றேன்.

"அவரு கூலிக்காரருங்க. நீங்க வாடகை பேசலீன்னா இந்த வண்டி இந்தப் பக்கம் ஏனுங்க வருது?"

அதற்குள் சந்தைக்குப் போகிறவர்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். அவள் சொல்வது நியாயந்தான் என்று எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னார்கள். எனக்குக் கோபம் மூக்கின் மேல் வந்தது. இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கிறேன், முதலாளி வாங்கித் தருவார் என்று மாதையன் பக்கம் திரும்பினேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அது மனுசனுக்கு அடிபட்டாத்தானுங்க. ஆட்டுக்குச் சேராதுங்க."

"மட்கார்டுக்கு?"

"அதுக்கும் இல்லீங்க. அத மொதலாளி உங்ககிட்டயே கேப்பாருங்க."

கடலுக்கு அந்தப் பக்கமும் மட்கார்டு, இந்தப் பக்கமும் மட்கார்டு. இரண்டு தேசத்திலும் சட்டம் போட்டவர்கள் என்னை மனதில் வைத்துக்கொண்டுதான் போட்டிருக்கிறார்கள். ஆட்டின் விலையைக் கொடுத்தேன். அந்தப் பெண்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, காசு கொடுத்தவருக்குத்தான் ஆடு என்று அதைத் தூக்கி என் பெட்டிகளின் மேல் கிடத்தினாள். மாதையன் இறங்கிப் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு, "இதுக்கு லக்கேஜ் போடணும்ங்க, மொதலாளி வைவாரு," என்றார். கமலத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. எனக்கு வரவில்லை. அதையும் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் கோயிலில் ஏற்பாடு. என் மைத்துனர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆசாரி வலது காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டு அழுத நேரத்தில், ஊர்க்கவுண்டர் சின்னசாமி என்னை ஓரமாக அழைத்தார். எனக்குச் சித்தப்பா முறை. சின்ன வயதில் என்னைத் தோளில் உட்காரவைத்துத் தேர் காட்டியவர்.

"கோயிலுக்கு ஒரு கட்டணம் இருக்குதுப்பா. வெளியூர்க்காரங்க காது குத்துனா கட்டறது. கட்டிட்டயின்னா முடிஞ்சுது."

"யார் சித்தப்பா வெளியூர்க்காரர்?"

அவர் மூக்கை உறிஞ்சினார். "சண்டக் காலத்துல உன்கிட்டயிருந்து தலக்கட்டு வரி வல்ல. இருக்கறயா போயிட்டயான்னே தெரில. கூட்டத்துல வெச்சு உன் தலக்கட்ட ஊர்க் கணக்குல இருந்து தள்ளிட்டாங்கப்பா."

வீட்டுக்கு இவ்வளவு என்று பண்டிகைக்கு ஊர் போடும் வரி அது. என் அப்பா சாகும் வரை கட்டினார். பிறகு பினாங்கிலிருந்து வருஷம் தவறாமல் நான் அனுப்பினேன். ஒரு கடிதம்கூடக் கடலைத் தாண்டாத அந்த வருஷங்களில் எதை அனுப்புவது? பிரீமியம் நின்றால் பாலிசி செத்தது என்று பேச ஒரு கம்பெனிக்காரனுக்கு வாய் வரலாம். அந்தப் பேச்சு மாரியம்மன் வாசலில், தேர் காட்டிய வாயிலிருந்து வந்தது. பாக்கி மொத்தத்தையும் இப்போதே வைக்கிறேன், இரண்டு மடங்காக வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

"வரி ஊர்க்காரங்ககிட்டத்தாம்பா வாங்கறது. உனக்கு ஒண்ணு, மத்தவனுக்கு ஒண்ணுன்னு நான் செய்ய முடியுமா? கட்டணத்தக் கட்டு. சின்னத் தொகதான்."

சின்னத் தொகைதான். கரிக்குக் கொடுத்ததில் பாதிகூட இருக்காது. காலி வண்டிக்குக் கொடுத்தேன், செத்த ஆட்டுக்கு லக்கேஜ் கொடுத்தேன். இதற்கு மட்டும் என் கை பைக்குள் போகவில்லை. கட்டினால் நான் வெளியூர்க்காரன் என்று என் கையாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆசாரி கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த காதைக் குத்தலாமா என்று இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். சித்தப்பா ஆகட்டும் என்று சொல்லவில்லை. நானும் பணத்தை எடுக்கவில்லை. கடைசியில் கமலம்தான் எழுந்து பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "வாங்க, போலாம்," என்றாள்.

இடது காதைப் பினாங்கில் குத்தினோம். குத்தியவர் நாகப்பட்டினத்துப் பக்கத்து ஆசாரி. கூலியை முன்னாலேயே சொல்லி, அதற்கு மேல் ஒரு காசு கேட்கவில்லை. ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள் என்னைப் பிடிவாதக்காரன் என்பீர்கள். இங்கே என்னோடு இருப்பவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. என் கோபம் இன்னும் ஆறவில்லை. இரண்டு கை குத்தியதால் மகளுக்கு இரண்டு துளையும் ஒரே மட்டத்தில் அமையவில்லை. தோடு மாட்டிக்கொண்டு அவள் எதிரே வந்து நிற்கும்போது வலது பக்கத்துத் தோடு ஒரு நூல் கீழே நிற்கிறது.