ஒட்டுத்தாளில் ஐந்து

முதல் தடவை தவறிய பொறியியல் நுழைவுத் தேர்வை மறு வருடம் எழுதிப் பிடித்தது. பழுதுக்கடையில் தூக்கிப் போட்ட மின்சுற்றுப் பலகைகளைச் சேர்த்துச் சொந்தமாக ஒரு கணினியை ஓட விட்டது. சிறு வயதில் மூச்சிரைப்பு இருந்தும் ஐயாயிரம் மீட்டர் உயர வேலைக்கான மருத்துவச் சோதனையில் தேறியது. "பொம்பளப் புள்ள தாக்குப் பிடிக்காது" என்றவர்களை வாயடைக்க வைத்து, மலை உச்சி வானாய்வுக் கூடத்தில் கணினிப் பொறியாளர் ஆனது. தங்கை ஜெயித்தவற்றை அக்கா இப்படி விரல் விட்டு எண்ணுவாள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவள். தையல் ஆலையில் பொத்தான் சரிபார்க்கிறாள். எண்ணிக்கையில் ஒன்றுகூடப் பிசகாது.

ஒரு நாள் மதியம் ஆலைக்கு அழைப்பு வந்தது.

"அக்கா, பெரிய தப்பு பண்ணிட்டேன். வேலையே போயிடும் போலிருக்கு."

பொத்தான் டப்பா கவிழ்ந்ததுகூட அக்காவுக்குத் தெரியவில்லை.

"அழாம சொல்லுடி. யாருக்காவது அடிபட்டுச்சா?"

"இல்லக்கா. டிஸ்க்."

தொலைநோக்கி பார்த்ததெல்லாம் பன்னிரண்டு டிஸ்க் கொண்ட ஒரு பெட்டியில்தான் சேர்கிறது. நான்கு மாதப் பதிவுகளுக்கு வேறு பிரதி இல்லை. ஒரு டிஸ்க் போனால் பெட்டி தாங்கும். இரண்டு போனால் நின்றுவிடும். ஐந்தாம் டிஸ்க் பழுது என்றது திரை. ஐந்து என்று தாள் ஒட்டியிருந்ததைத் தங்கை உருவினாள். திரை எண்ணுவது பூஜ்ஜியத்திலிருந்து; தாளை ஒட்டியவர் எண்ணியது ஒன்றிலிருந்து. திரையின் ஐந்து, தாளில் ஆறு. நல்ல டிஸ்க் அவள் கையில் இருந்தது. பெட்டியில் அத்தனை விளக்கும் சிவப்பு.

"பூஜ்ஜியத்துலேர்ந்து எந்தக் கிறுக்கன்டி எண்ணுவான்?"

"நாங்க எல்லாருமேதான்க்கா."

அந்த உயரத்தில் காற்று குறைவு; டிஸ்க்குகள் அடிக்கடி சாகும். "ரெண்டும் தானா செத்துச்சுன்னு எழுதிடுவோம், நீ வாயத் திறக்காதே" என்றாராம் தலைமைப் பொறியாளர். பதிவேட்டில் எப்போதும் அவர்தான் கையெழுத்திடுவார்.

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்ல மனுஷன். அப்படியே விட்டுடு."

"விட்டா ரெண்டையும் தூக்கிப் போட்டுடுவாங்க, நாலு மாசமும் போச்சு. நான் உருவினதுன்னு தெரிஞ்சாத்தான் அதைத் திரும்பச் செருகி மீட்டுப் பாப்பாங்க. அதான், எழுதிட்டேன்."

"என்னது, எழுதிட்டியா?"

"கையெழுத்தும் போட்டாச்சு."

"உனக்கென்ன பைத்தியமாடி!" அக்கா கத்திய கத்தலில் பக்கத்து மேசைத் தையல் இயந்திரங்கள் நின்றன.

அடிவாரத்திலிருந்து வந்த குழு அந்த டிஸ்க்கைத் திரும்பச் செருகியது. இரண்டு நாள் போராட்டத்துக்குப் பிறகு, நாற்பது நிமிடப் பதிவுகள் போக மற்றதெல்லாம் மீண்டன. தங்கைக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை. பதிவேட்டுப் பக்கத்தின் படத்தை அக்காவுக்கு அனுப்பினாள். அக்கா எழுத்தெழுத்தாகப் படித்தாள்: "எண்ணைச் சரிபார்க்காமல் நல்ல டிஸ்க்கை நான் உருவினேன்." அதன் கீழே, அந்தப் பதிவேட்டில் முதன்முறையாகத் தங்கையின் பெயர். தேதி: 2017 ஜூன் 9.