அரபு தெரியாமல் அரபு அடித்த கதை

டைப்செற்றிங் வேலையில் சரியாக அடித்ததை யாரும் பார்ப்பதில்லை. பிழையாக அடித்ததை ஊரே பார்க்கும். கண்ணும் கழுத்தும் நோக இதே தொழில் செய்கிற உங்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. மட்டக்களப்பு நகரில் டெரிக் அண்ணனின் அச்சகத்தில் இருக்கிறேன். அவர் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர், நான் நாவற்குடாச் சைவக்காரி. இருவருக்கும் அரபு ஓர் எழுத்தும் வாசிக்க வராது. ஆனாலும் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து அரபு வேலை வந்தபோது, "ஓம், செய்யலாம்" என்று அவர் ஏற்றுக்கொண்டார்.

அரபில் எழுத்துக்கு மேலும் கீழும் சின்னக் கோடுகள் வரும். அ, இ, உ ஓசையைக் காட்டுவது அவைதான். என் பாடெல்லாம் அந்தக் கோடுகளோடுதான்.

வேலி

முதலில் வந்தவர் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஓர் ஆசிரியை. பாடத்தை வீட்டிலேயே அடித்து பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். எங்கள் கொம்பியூட்டரில் இருந்த எழுத்துருவுக்கு எழுத்துகள் தெரிந்தன, குறிகள் தெரியவில்லை. குறி இருக்கவேண்டிய இடமெல்லாம் வெறும் சதுரப் பெட்டி. அரபு இப்படித்தானாக்கும் என்று நினைத்து அப்படியே பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் புள்ளையள் ஓதுறதுக்குக் கேட்டன், நீங்க வேலி கட்டித் தந்திரிக்கிறீங்க."

தொப்பி

பழைய தமிழ் எழுத்துருவில் 'கெ' அடிக்க முதலில் கொம்பைத் தட்டி, பிறகுதான் 'க' தட்டவேண்டும். அரபில் முதலில் எழுத்து, பிறகு குறி. என் விரலுக்கு அது எங்கே தெரிகிறது? ஒரு மௌலவியின் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கக் குறியை முந்தித் தட்டிவிட்டேன். ஒவ்வொரு குறியும் தனக்கு முன்னால் நின்ற எழுத்தின்மேல் ஏறிக்கொண்டது. பிழைதிருத்த வந்த அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"எல்லாருக்கும் தொப்பி இரிக்கு மகள், ஆனா ஒவ்வொருத்தன்ட தொப்பியும் பக்கத்து ஆள்ர தலையில இரிக்கு."

மீசை

அதே மௌலவி ஒரு சொல்லைப் புத்தகம் முழுதும் மாற்றச் சொன்னார். எழுத்துகளை மட்டும் அடித்துத் தேடினேன். இல்லை என்றது கொம்பியூட்டர். "அப்படி ஒரு சொல்லே இதில இல்ல சேர்" என்று நானும் துணிந்து சொன்னேன். அவர் ஒரே பக்கத்தில் மூன்று இடங்களில் விரல் வைத்தார்.

கொம்பியூட்டருக்கு ஒவ்வொரு குறியும் தனி எழுத்து. குறி போட்ட சொல்லும் போடாத சொல்லும் அதற்கு வேறு வேறு ஆட்கள். இதைக் கேட்டதும் டெரிக் அண்ணன் திரையை முறைத்தார்.

"மாமன் மீசை வைச்சா இவருக்கு மாமனையே தெரியாதோ?"

ஒரு கோடு

காத்தான்குடி வியாபாரி ஒருவர், காலமான மனைவியின் பெயரால் பகிர்ந்து கொடுக்க, இறைவனின் திருநாமங்களைக் கைநூலாக அச்சிடக் கேட்டார். மனைவி தன் கையால் எழுதிய கொப்பியையே தந்தார். நான் அடித்ததை அவரும் அதே மௌலவியும் வாசித்துச் சரி என்றார்கள். அச்சு ஓடத் தொடங்கியது.

முதல் தாள் வந்ததும் கொப்பியை எடுத்து, எனக்குத் தெரிந்த ஒரே வழியில், கோடு கோடாக ஒப்பிட்டேன். ஒரு நாமத்தில் அந்த அம்மா எழுத்துக்குக் கீழே போட்ட கோடு எங்கள் தாளில் மேலே நின்றது. மெஷினை நிறுத்தினேன். "மௌலவியே பார்த்தாச்சு, உனக்கென்ன?" என்று டெரிக் அண்ணன் கத்தினார். நான் விடவில்லை. இருவரையும் கூப்பிட்டோம். மௌலவியின் முகம் மாறிவிட்டது. 'உருவம் கொடுப்பவன்' என்பது அந்த ஒரு கோட்டால் 'உருவம் கொடுக்கப்பட்டவன்' ஆகியிருந்ததாம். மனப்பாடமாகத் தெரிந்ததால் இருவர் கண்ணும் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. வியாபாரி கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டின்மேல் விரல் வைத்தார்.

"வாசிக்கத் தெரிஞ்ச நாங்க கோட்ட விட்டுட்டம், வாசிக்கத் தெரியாத புள்ள அவ எழுதினதப் பார்த்துப் புடிச்சிரிக்கு."

அன்றிலிருந்து நான் அரபு படிக்கப் போகிறேன் என்றால், படித்தால் பிழை பிடிக்க ஆளில்லாமல் போய்விடும் என்று டெரிக் அண்ணன் லீவு தருவதில்லை.