யாருடைய மண்டை என்று சொல்லவில்லை

மண்டை ஓட்டைத் திறக்காமலே மூளையின் நரம்பு செல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் நுண்ணோக்கியை உருவாக்குவதுதான் என் வேலை. எலும்புக்குள் புகுந்ததும் ஒளி, மூடுபனியில் லாரி விளக்கு போலச் சிதறிவிடும். அகச்சிவப்பு லேசரை அனுப்பி, அந்தச் சிதறலை ஒரு வளையும் கண்ணாடியால் சரிசெய்து படம் எடுப்போம். எல்லாம் சுண்டெலிக்கு. அதன் மண்டை ஓடு என் நகத்தைவிட மெல்லியது.

அந்த எலியைப் பற்றி மட்டும் நான் வீட்டில் சொல்லவே இல்லை. அப்பா நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். தீவனக் குடோனில் தினமும் எலியோடு மல்லுக்கட்டுகிற மனிதரிடம், இத்தனை வருடம் படித்துவிட்டு எலி மண்டையைப் பார்க்கிறேன் என்றால் மானம் போய்விடாதா! "மண்டையத் தொறக்காமயே உள்ள பாக்கறமுங்கப்பா" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். தீவனம் இறக்க வருகிற லாரிக்காரர் வரை அவர் அதைச் சொல்லிப் பூரித்தார். கேட்க எனக்கும் இனித்தது, வெட்கங்கெட்டவளுக்கு.

போன வருடம் அவருக்கு வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டர், மூளையில் சின்னக் கட்டி, மண்டையைத் திறந்து உடனே எடுத்துவிடலாம் என்றிருக்கிறார். அப்பா சிரித்தாராம்.

"வேண்டாமுங்க டாக்டரு. எம்பட புள்ள தொறக்காமயே பாக்கற மிசினு செய்யுது. அந்த மிசினு வரட்டுங்க."

என்னிடம் மூச்சே விடவில்லை. என் வேலை கெட்டுவிடுமாம். அம்மாவையும் சொல்ல விடவில்லை.

மாதங்கள் கழித்துப் பொங்கலுக்குப் போனேன். சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் அவர் கை நடுங்கியது. அம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினார்.

"அது எலிக்குத்தானுங்கப்பா," என்றேன். "மனுச எலும்பு தடிமனுங்க, அதுல வெளிச்சம் போகாதுங்க. போனாலும் பாக்கத்தான் முடியும், கட்டிய எடுக்க முடியாதுங்க."

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். "எலிக்கா சாமி?" என்றார். பிறகு, "செரி உடு. வண்டிய எடுக்கச் சொல்லு, போலாம்."

அன்றைக்கே போனோம். கட்டி, பேச்சு இருக்கும் இடம் வரை பரவியிருந்தது. முன்பே வந்திருந்தால் முழுசாக எடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். எலி என்ற ஒரு வார்த்தையை விழுங்கியதற்கு நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். அப்பா இருக்கிறார், பேச்சுத்தான் இல்லை. பண்ணைக்கு வருகிறவர்கள் என்னிடம், "உங்க மிசினுல பாத்துத்தான் வைத்தியம் பண்ணுனாங்களாங்க?" என்று கேட்கிறார்கள். நான் வாய் திறப்பதற்குள் அப்பா, ஆமாம் என்று தலையை ஆட்டிவிடுகிறார்.