பார்வை போறதுக்குள்ள ஒரு புத்தகம்

சென்னைப் பதிப்பகத்துக்காரர் போன்ல சொன்னதை நினைச்சா இப்பவும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. "மேடம், உங்க வாழ்க்கைக் கதை நல்லா வந்திருக்கு. இந்தப் புத்தகக் கண்காட்சிக்கு லிஸ்டு முடிஞ்சிடுச்சு, அடுத்ததுல போட்டுடலாம். அதுக்குள்ள அந்த அப்பா அத்தியாயத்தைக் கொஞ்சம் இளக்கி எழுதுங்களேன்." போன வருஷமும் இதே பாட்டுதான். காத்திருந்தவ நான்.

அந்த அத்தியாயம் இதுதான். எனக்குக் காலேஜ்ல எடம் கிடைச்ச அன்னைக்கு, கீழ்பென்னாத்தூர் பக்கத்துல எங்க கொல்லையில மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பறிச்சிட்டிருந்த ஆளுங்க முன்னாடி, போகக் கூடாதுன்னு அப்பா என்னை மாட்டுக் கயித்தால அடிச்சாரு. அப்புறம் நான் தபால்ல படிச்சு, வேலைக்கு வந்து, டவுனை ஒட்டி வேங்கிக்கால்ல வீடும் கட்டிட்டேன். அப்பாவும் நானும் எல்லாத்தையும் பேசுவோம், அந்த நாளைத் தவிர. வாயால கேக்க முடியாததைத்தான் எழுதியிருந்தேன். அவரு படிக்கணும், அவ்வளவுதான்.

ஆனா அந்த வாரம்தான் கண் டாக்டர் சொன்னாரு, அப்பா கண்ணுல அழுத்தம் ஜாஸ்தியாகி நரம்பு கெட்டுப்போச்சுன்னு. போன பார்வை திரும்பாது, மிச்சமும் எவ்வளவு நாளைக்குன்னு சொல்ல முடியாதாம். அடுத்த கண்காட்சியாம், வெங்காயம்! ஊர்ல அப்பாவோட இருக்கற தம்பியை விட்டுப் படிக்கச் சொல்லலாம்தான். அவன் சர்க்கரை தடவிப் படிச்சிடுவான்.

"சொந்தமா போடறேன்"னு சொன்னதும், ஏற்கெனவே அப்படிப் போட்டுக் கையைச் சுட்டுக்கிட்ட கவிஞர் ஒருத்தர் சிரிச்சாரு. "பதிப்பகம் போட்டா புத்தகம் கடைக்குப் போகும். நாம போட்டா கட்டிலுக்கடியில போகும்." போகட்டும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாசகர்.

எழுத்தைப் பெருசா வச்சேன். எந்தப் பதிப்பகமும் அதுக்கு ஒத்துக்காது. ஆனா கடைசிப் புரூஃபைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டே இருந்தேன். பதிப்பகமா இருந்தா, 'இது சரியா வருமா'ன்னு கேக்க ஒரு ஆளாவது இருப்பாங்க. இங்க நானே எழுத்தாளர், நானே எடிட்டர், நானே பயந்தாங்கொள்ளி.

தேரடிப் பக்கத்து பிரஸ்ல இன்னொரு கூத்து. அங்க எல்லா வேலையும் முகூர்த்தத் தேதி பார்த்துதான் வரிசைப்படி ஓடும். என் புத்தகத்துக்கு முகூர்த்தம் இல்லையே, அதனால ஒவ்வொரு கல்யாணப் பத்திரிகையும் அதைத் தாண்டிப் போயிட்டே இருந்துச்சு. "கோவிச்சுக்காதீங்கம்மா, மாப்ள வீட்ல நிக்கிறாங்க"ன்னாரு பிரஸ்காரர். அதுக்குள்ள ஊர்ல அப்பா செம்புன்னு நினைச்சு வெறும் காத்தைப் புடிச்சாருன்னு தம்பி போன் பண்ணான். நான் பிரஸ்லயே கத்திட்டேன். "எங்கப்பா கண்ணுக்கும் தேதி குறிச்சாச்சு சார், முதல்ல இதை ஓட்டுங்க!" மெஷின்காரர் கல்யாணப் பத்திரிகை பிளேட்டைக் கழட்டிட்டு என்னோடதை மாட்டுனாரு.

புத்தகம் கைக்கு வந்த அன்னைக்குன்னு பார்த்து பௌர்ணமி. டவுனுக்குள்ள பஸ் விடல. கிரிவலக் கூட்டத்துக்கு எதிர்ல இடிச்சுக்கிட்டு, ஒரே ஒரு புத்தகத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, ஊருக்கு பஸ் ஏற திண்டிவனம் ரோட்டுல போட்டிருந்த தற்காலிக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

அப்பா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டு உக்காந்தாரு. அன்னைக்கும் படிச்சாரு, மறுநாளும் படிச்சாரு. நான் லீவு போட்டுட்டு வீட்டுக்குள்ளயே சுத்தி வந்தேன். அந்த அத்தியாயத்துக்கு வந்துட்டாருன்னு புரட்டுன பக்கங்களோட கனத்தை வச்சே தெரிஞ்சுது. பக்கம் திரும்பல. கிழிச்சுப் போடுவாரா? எழுந்து வந்து கேப்பாரா? இந்த வயசுலயும் எனக்கு அவர்கிட்ட பயம்தான்.

"இங்க வா"ன்னு கூப்பிட்டாரு. போய் நின்னேன்.

விரலை வரி மேல வச்சிருந்தாரு. "இன்னா இது, கம்மி பண்ணி எழுதியிருக்க? ரெண்டு அடின்னு போட்டிருக்க. கயிறு அந்துபோற வரைக்கும் அடிச்சேன்."

பதிப்பகத்துக்காரர் இளக்கச் சொன்னாருன்னு அப்படிக் குதிச்ச நான், அவரு சொல்றதுக்கு முன்னாடியே இளக்கிதான் எழுதியிருந்திருக்கேன். அழுதுட்டேன்.

அப்பா என்னைப் பார்க்கல. "நீயே போட்ட புத்தகம்தானே, யாரைக் கேக்கணும்? மாத்திப் போடு"ன்னாரு. அப்புறம் பூதக்கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டே சொன்னாரு. "சீக்கிரம் கொண்டா. நான் படிக்கணும்."